ஐம்பது ஆண்டு மௌனம் நம்பத்தகுந்ததா? பிலிப்பைன்ஸின் லோலாக்கள் குறித்து ஒரு விரிவான பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினரிடம் பாலியல் அடிமைகளாகச் சிக்கிய பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றிய செய்தி ஒன்றைப் படித்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய கொடுமையை ஒருவர் ஐம்பது ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வாழ முடியுமா, இடையில் அதை மறந்துவிட்டு முதுமையில்தான் நினைவுகூர்ந்தார்களா, கடைசியில் வெளியே சொன்னது அவர்களுக்கு நன்மை செய்ததா என்பவை அவை. உங்கள் வார்த்தைகளில் ஏளனம் ஏதுமில்லை. ஆனால் மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஓர் ஐயம் இருக்கிறது: நடந்தது உண்மையென்றால் 1945இலேயே சொல்லியிருப்பார்களே என்ற ஐயம். அதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன். இந்தப் பெண்களின் சாட்சியங்களையும் வழக்கு ஆவணங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேனே தவிர, அவர்களில் எவரையும் சந்தித்ததில்லை. தகாலோக், கபம்பாங்கன் மொழிகளும் எனக்குத் தெரியாது. ஆகவே மனத்தின் இயல்பு பற்றி நான் சொல்வதைத் தொழில் அனுபவத்தில் சொல்வதாகவும், பிலிப்பைன்ஸ் பற்றிச் சொல்வதை ஒரு கவனமான வாசகன் சொல்வதாகவும் பிரித்துப் படியுங்கள்.

முதலில் அந்த ஐயத்தின் அடிப்படையே சரியில்லை. 1945இல் யாரும் பேசவில்லை என்பது உண்மையன்று. 1945 பிப்ரவரியில், மணிலா நகரை அமெரிக்கப் படை மீட்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, எர்மிதா பகுதியில் நூற்றுக்கணக்கான பெண்களும் சிறுமிகளும் ஆண்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, பே வியூ ஹோட்டல் உள்ளிட்ட கட்டடங்களில் அடைக்கப்பட்டு, இரவு பகலாக வன்புணர்வுக்கு ஆளாயினர். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று மணிலாவில் தொடங்கிய, ஜப்பானியப் படைத் தளபதி ஜெனரல் யமஷிதா மீதான போர்க்குற்ற விசாரணையில் அந்தப் பெண்களில் சிலர் நேரில் சாட்சி சொன்னார்கள். யமஷிதா 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆக, கேட்டபோது சொன்ன பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு தளபதி மீதான குற்றச்சாட்டுக்குச் சான்றாகப் பயன்பட்டார்களே ஒழிய, விசாரணை முடிந்த பிறகு அவர்களைத் தேடிப்போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. மணிலாவுக்கு வெளியே, ஊர்ப்புறங்களில் முகாம்களில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டிருந்த விவசாயக் குடும்பத்துப் பெண்களை அந்த அளவுக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

கொரியாவிலும் தைவானிலும் நடந்ததற்கும் பிலிப்பைன்ஸில் நடந்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தொழிற்சாலை வேலை என்றும் செவிலியர் வேலை என்றும் ஏமாற்றித் தொலைதூர நாடுகளுக்குக் கொண்டுசென்றது அதிகம். பிலிப்பைன்ஸிலோ, கெரில்லாப் போர் மும்முரமாக இருந்த நாடு என்பதால், வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் சாலைச் சாவடியிலிருந்தும் படையினரே நேரடியாகப் பிடித்துச் சென்றது அதிகம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பணக்காரர் வீடு என்று படை தங்கிய எந்தக் கட்டடமும் சிறையாயிற்று. இதற்கு நடுவே, படையினருக்கென்று பெண்களை வைத்து விதிமுறைப்படி நடத்தப்பட்ட நிலையங்களும் இருந்தன. பனாய் தீவின் இலோயிலோ நகரில் இருந்தவை பற்றிய ஜப்பானிய இராணுவ ஆவணங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடுகள் உண்டு. நிலையத்துக்கான விதிமுறைகளும் உண்டு. அந்த விதிகளில் ஒன்று, பெண்கள் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, இணைக்கப்பட்ட வரைபடத்தில் காட்டியுள்ள எல்லைக்குள் மட்டுமே உலாவலாம் என்கிறது. தாமாக விரும்பி வந்த பெண்கள் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலாற நடக்க வரைபடம் எதற்கு என்று அவர்களிடம் கேட்டால் போதும்.

இனி உங்கள் முதல் கேள்வி. பிலிப்பைன்ஸில் முதன்முதலாகப் பெயரும் முகமும் காட்டி வெளியே பேசியவர் மரியா ரோசா லூனா ஹென்சன். நாள் 1992 செப்டம்பர் 18. லோலா என்றால் பாட்டி; அந்த நாட்டில் இவர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். லோலா ரோசா 1927இல் பிறந்தவர். 1942இல், பதினான்கு வயதில், விறகு பொறுக்கப் போன இடத்தில் ஜப்பானியப் படையினரால் வன்புணர்வுக்கு உள்ளானார். பிறகு ஹுக்பலஹாப் என்ற விவசாயிகள் கெரில்லா இயக்கத்தில் சேர்ந்து மருந்தும் செய்தியும் கடத்தினார். 1943 ஏப்ரலில் பம்பங்கா மாகாணத்தின் ஏஞ்சலஸ் நகர்ச் சாவடியில் பிடிபட்டார். அவரை முதலில் படை தங்கியிருந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலும், பின்னர் ஓர் அரிசி ஆலையிலும் ஒன்பது மாதம் அடைத்துவைத்தார்கள். 1944 ஜனவரியில் கெரில்லாக்கள் மீட்டபோது அவர் மலேரியாவால் சுயநினைவு இழந்து கிடந்தார். தேறிய பிறகும் நெடுநாள் அவரால் சரியாகப் பேச முடியவில்லை.

அவருடைய தாய்க்கு எல்லாம் தெரியும். அந்தத் தாயே ஒரு நிலவுடைமையாளரால் வன்புணர்வுக்கு ஆளானவர். ரோசா அதில் பிறந்தவர். மகளுக்கு நேர்ந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று தாய் நினைத்ததைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; சொன்னால் என்ன ஆகும் என்பது அந்த அம்மாளுக்குத் தன் வாழ்க்கையிலேயே தெரிந்திருந்தது. ரோசாவுக்குத் திருமணமாயிற்று, குழந்தைகள் பிறந்தன, கணவர் விட்டுப் போனார், துணி துவைத்துப் பிழைத்தார், பிறகு ஒரு சிகரெட் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்து ஓய்வு பெற்றார். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளுக்குக் கூட இது தெரியாது. வேலைக்குப் போனார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், கோயிலுக்குப் போனார். வெளியே பார்த்தால் ஒரு சராசரி உழைக்கும் பெண். மனக்காயம் பட்டவர் என்றால் ஓயாமல் அழுதுகொண்டோ பித்துப்பிடித்தது போலவோ இருப்பார் என்று நாம் எதிர்பார்ப்பதால்தான் இப்படி வாழ்ந்தவரை நம்ப மறுக்கிறோம். என் தொழிலில் நான் கண்டவரையில், மிக மோசமாகக் காயப்பட்டவர்களில் பலர் மிகவும் ஒழுங்காக வாழ்ந்து காட்டுகிறவர்கள். அந்த ஒழுங்குதான் அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது.

மௌனத்துக்குக் காரணங்கள் பல. கத்தோலிக்கச் சமூகத்தில் கன்னிமைக்கு இருந்த மதிப்பு ஒன்று. ஜப்பான்காரன் மிச்சம் வைத்தது என்று முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட ஏச்சு இன்னொன்று. இதைக் கேட்ட பிறகு வாய் திறக்காதவர்கள் பலர். உண்மை தெரிந்ததும் கணவர் கைவிட்ட பெண்கள் உண்டு. கைவிடாமல், சண்டை வரும்போதெல்லாம் அதையே சொல்லிக் காட்டிய கணவர்களும் உண்டு. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். போருக்குப் பிந்திய பிலிப்பைன்ஸில் எதிரிக்கு உடந்தையாக இருந்தவர் யார் என்ற வேட்டை கடுமையாக நடந்தது. எதிரியின் முகாமில் மாதக்கணக்கில் இருந்து உயிரோடு திரும்பிய பெண், அந்தச் சூழலில், பாதிக்கப்பட்டவளாகப் பார்க்கப்படுவாளா காட்டிக்கொடுத்தவளாகப் பார்க்கப்படுவாளா என்பது உறுதியில்லை. அரசும் தன் பங்குக்கு அத்தியாயத்தை மூடியது. மணிலாச் சண்டையில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவே 1953இல் ஜப்பானியப் போர்க்குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். 1956இல் ஐம்பத்தைந்து கோடி டாலர் போர் இழப்பீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதன் பிறகு ஜப்பான் மிகப் பெரிய கடனுதவி நாடாயிற்று. எண்பதுகளில் இந்தப் பாட்டிகளின் பேத்தி வயதுப் பெண்கள் டோக்கியோ மதுக்கூடங்களில் பாடவும் ஆடவும் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட நாட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

மௌனம் எப்போதும் தனியாள் காத்த இரகசியமாகவே இருந்தது என்றும் எண்ண வேண்டாம். பம்பங்காவின் கண்டாபா வட்டாரத்தில் மபனிக்கி என்றொரு ஊர் இருக்கிறது. கெரில்லாக்களின் ஊர் என்ற சந்தேகத்தில் 1944 நவம்பர் 23 அன்று ஜப்பானியப் படை அதைத் தாக்கியது. ஆண்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். பெண்களையும் சிறுமிகளையும், அவர்கள் வீடுகளிலிருந்தே கொள்ளையடித்த பொருள்களை அவர்கள் தலையிலேயே ஏற்றி, புலகான் மாகாணத்தின் சான் இல்டிஃபோன்சோவில் படை தங்கியிருந்த ஒரு மாளிகைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சிவப்புச் சாயம் பூசிய மரவீடு அது; சிவப்பு வீடு என்றே அதற்குப் பெயர். அங்கே சிலர் ஒரு நாளும் சிலர் மூன்று வாரம் வரையிலும் வைக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானார்கள். தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பங்கள் அதில் உண்டு. விடுபட்டுத் திரும்பியபோது ஊரே இல்லை.

இந்த ஊரில் இரகசியம் என்று ஒன்று இருந்திருக்க முடியாது. யார் யார் அந்த வீட்டுக்குள் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் எவரும் எவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. சந்தையிலும் திருமணத்திலும் துக்க வீட்டிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தெரிந்ததைத் தெரியாதது போல் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மானமும் சேர்ந்து போகும் என்பதால் இந்த மௌனத்தில் பரஸ்பரப் பாதுகாப்பும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மற்றவர்கள் பேசுவதைக் கண்ட பிறகே இவர்களும் சேர்ந்து பேசினார்கள். மலாயா லோலாஸ் என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டார்கள். இசபெலிட்டா வினூயா நெடுங்காலம் அதன் தலைவராக இருந்து 2021இல் காலமானார். வருகிறவர்கள் முன்னால் தங்கள் கதையைப் பாட்டாகக் கட்டி எல்லோரும் சேர்ந்து பாடுவது இவர்கள் வழக்கம். தனித்தனியாகச் சொல்ல முடியாததை ஒரு கூட்டமாகப் பாட முடிவது உளவியலாளனுக்கு வியப்பளிப்பதில்லை. நம் ஊர் ஒப்பாரியிலும் தனியே இருக்கும்போது சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் கூட்டத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி மறதி பற்றியது. இதில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு. சொல்லாமல் இருப்பதும் நினைவில்லாமல் இருப்பதும் வெவ்வேறு. அதிர்ச்சி தரும் நிகழ்வுகளைப் பெரும்பாலோர் மறப்பதில்லை. மறக்க முடியாமல் இருப்பதே அவர்கள் துன்பம். கனவில் வருகிறது, வாசனையில் வருகிறது, பூட்ஸ் சத்தத்தில் வருகிறது. வராமல் தடுக்க, அதை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர்கள் எல்லாவற்றையும் ஒதுக்குவது இத்தகைய மனக்காயத்தின் மைய அறிகுறிகளில் ஒன்று. ஒதுக்குவதை வெளியே இருந்து பார்ப்பவர் மறதி என்று நினைத்துக்கொள்கிறார். லோலாக்களின் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருவன கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணம் தெரியாத தலைவலியும் வயிற்றுவலியும், கணவர் தொட்டாலே உடம்பு விறைத்துப்போவது ஆகியவை. இவை மறந்தவர்களின் அறிகுறிகள் அல்ல. மனம் அதிர்ச்சியான நிகழ்வை முழுவதுமாக அழித்துவிட்டுப் பல்லாண்டு கழித்து அப்படியே மீட்டெடுக்கும் என்ற கொள்கை என் துறையில் தொண்ணூறுகளிலிருந்தே கடும் சர்ச்சைக்கு உரியது. நல்ல வேளையாக, இந்தப் பெண்களை நம்புவதற்கு அந்தக் கொள்கை தேவையே இல்லை. இவர்களுக்கு எப்போதும் நினைவிருந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றதே 1980இல்தான். 1946இல் ஒரு லோலா மருத்துவரிடம் போயிருந்தாலும் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

அப்படியானால் அவர்கள் சொன்ன ஒவ்வொரு விவரமும் துல்லியமா? இங்கே கவனம் தேவை. எங்கே பிடித்தார்கள், கண்ணெதிரே யாரைக் கொன்றார்கள், எந்தக் கட்டடத்தில் வைத்தார்கள் என்பன போன்ற மையமான நினைவுகள் நெடுங்காலம் உறுதியாக நிற்கின்றன. எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை பேர், அதிகாரியின் பெயர் என்ன என்பவை மங்கும், கலக்கும். பதின்ம வயதில் நாட்காட்டியே இல்லாத அறையில் இருந்த ஒருத்தி, எழுபது வயதில், மொழிபெயர்ப்பாளர் வழியாக, பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் மாறி மாறிச் சொல்லும்போது இரண்டு பதிவுகளுக்கு நடுவில் வேறுபாடு வராமலிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். மொத்த எண்ணிக்கையும் இப்படியே. ஆயிரம் பெண்கள் என்ற கணக்கு பல இடங்களில் அச்சாகிறது. அதை ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. 1945 ஆகஸ்டில் ஜப்பானிய இராணுவம் ஆவணங்களைப் பெருமளவில் எரித்துவிட்டது. 1994இல் உருவான லிலா பிலிபினா அமைப்பு 174 பெண்களைப் பதிவு செய்தது. வெளியே வரத் துணிந்தவர்களின் கணக்கு அது, பாதிக்கப்பட்டவர்களின் கணக்கன்று.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு பெயரும் இங்கே வருகிறது. இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி, பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தபோது, 1996இல் அளித்த அறிக்கையில் இதை இராணுவப் பாலியல் அடிமைமுறை என்றே குறிப்பிட்டு, ஜப்பான் சட்டப் பொறுப்பை ஏற்று இழப்பீடு தர வேண்டும் என்றார். அந்த அறிக்கையைத் தாக்குகிறவர்கள், அது செய்ஜி யோஷிதா என்ற ஜப்பானியரின் வாக்குமூலத்தையும் எடுத்தாண்டது என்பதைச் சுட்டுவார்கள். அந்தக் குறை உண்மை. யோஷிதா சொன்னது பொய் என்று பின்னர் தெரிந்து, அதை வெளியிட்டு வந்த அசாஹி நாளிதழே 2014இல் அக்கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் அவர் சொன்னது, கொரியாவின் ஜேஜு தீவில் பெண்களைத் தாமே பிடித்துச் சென்றதாக. மபனிக்கிக்கும் ஏஞ்சலஸுக்கும் அதில் தொடர்பில்லை. அறிக்கையைத் திருத்தும்படி ஜப்பான் கேட்டபோது குமாரசுவாமி மறுத்துவிட்டார். அவர் கைவசம் வேறு சாட்சியங்கள் ஏராளமாக இருந்தன.

ஏன் 1992? 1991 ஆகஸ்டில் தென்கொரியாவில் கிம் ஹாக்-சூன் என்ற பெண் முதன்முதலாக வெளிப்படையாகப் பேசினார். 1992 ஜனவரியில் ஜப்பானிய வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி இராணுவத்தின் பங்கைக் காட்டும் ஆவணங்களை வெளியிட்டார். மார்கோஸின் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்து வளர்ந்த பெண்கள் அமைப்புகள் பிலிப்பைன்ஸில் அப்போது வலுவாக இருந்தன. அவர்கள் வானொலி வழியாக, இது உங்கள் வெட்கம் அல்ல, முன்வாருங்கள் என்று அழைத்தார்கள். அந்த அறிவிப்பை வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த ரோசா அழுதார். பிறகு மூத்த மகளிடம் முதலில் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இது என் ஊகம் மட்டுமே, ஆனால் தொழிலில் பலமுறை கண்ட ஒன்று: உழைப்பும் பிள்ளை வளர்ப்பும் முடிந்து கை ஓய்ந்த பிறகு பழைய காயம் மேலே வருகிறது. கணவர் இறந்த பிறகே பேசிய லோலாக்கள் பலர் இருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மையமான உண்மை என்னவென்றால், ஐம்பது ஆண்டுகளில் முதல் தடவையாக அவர்களிடம் யாரோ கேட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு நேரடியான விடை கிடையாது. சொன்ன பிறகு பெரும் சுமை இறங்கியது போல் உணர்ந்ததாக ரோசாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதில் தம் அனுபவத்தைத் தாமே படங்களாகவும் வரைந்திருக்கிறார். அக்கம்பக்கத்தாரின் ஏளனத்தையும் அவர் சந்தித்தார். வாய்விட்டுச் சொன்னாலே காயம் ஆறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. அதிர்ச்சி நிகழ்ந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று தெரியவந்து கைவிடப்பட்டது. யாரிடம் சொல்கிறோம், முதலில் கேட்டவர் எப்படி நடந்துகொண்டார், சொல்வதும் நிறுத்துவதும் சொல்பவர் கையில் இருக்கிறதா என்பவையே பலனைத் தீர்மானிக்கின்றன. ஒளிப்படக் கருவிக்கு முன்னால் நூறாவது தடவை அதே இரவைச் சொல்வது சிகிச்சை ஆகாது. லோலாக்களுக்கு உண்மையில் பயன்பட்டது, என் கணிப்பில், தம்மைப் போன்ற மற்றப் பெண்களைக் கண்டதுதான். கெஸோன் நகரில் லிலா பிலிபினா நடத்திய இல்லத்தில் அவர்கள் கூடினார்கள், சமைத்தார்கள், சண்டையிட்டார்கள், ஜப்பானியத் தூதரகத்தின் முன் பதாகையோடு நிற்க ஒன்றாகக் கிளம்பினார்கள்.

நீதியைப் பொறுத்தவரை கணக்கு மோசம். 1993 ஏப்ரலில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் இறுதியில் 46 லோலாக்கள் இணைந்திருந்தார்கள். ஒரு தனிநபர் சர்வதேசச் சட்டப்படி ஒரு நாட்டிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று 1998இல் அது தள்ளுபடியானது. 2003இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. 1995இல் ஜப்பான் அமைத்த ஆசியப் பெண்கள் நிதியம், தலைமை அமைச்சரின் மன்னிப்புக் கடிதத்தோடு இருபது லட்சம் யென்னும், பிலிப்பைன்ஸில் மருத்துவ நல உதவியாக மேலும் பன்னிரண்டு லட்சம் யென்னும் வழங்கியது. இருபது லட்சம் பொதுமக்கள் நன்கொடையிலிருந்து வந்தது, அரசின் சட்டபூர்வ இழப்பீடு அன்று. வாங்குவதா மறுப்பதா என்பதில் லோலாக்கள் பிரிந்தார்கள். ரோசா 1996இல் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு இறந்தார். அன்டீக்கே மாகாணத்தின் தோமாசா சலினோக் மறுத்தார். பதின்மூன்று வயதில் தன் கண்ணெதிரே தந்தையின் தலை வெட்டப்பட்டதைப் பார்த்தவர் அவர். திருமணம் செய்துகொள்ளாமல், தையல் வேலை செய்து பிழைத்து, அந்தப் பணத்தைத் தொடாமலே 2007இல் இறந்தார். இருவரில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால் விடை சொல்ல மாட்டேன். வறுமையில் இருந்த முதியவர்களை அப்படி ஒரு தேர்வுக்குத் தள்ளியதுதான் தவறு.

சொந்த நாடும் கைகொடுக்கவில்லை. ஜப்பானிடம் தங்களுக்காகப் பேசும்படி அரசுக்கு உத்தரவிடக் கோரி மலாயா லோலாஸ் தொடுத்த வழக்கை பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம், வெளியுறவு விவகாரங்களை முடிவு செய்வது அரசின் உரிமை என்று கூறி 2010இல் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் வெளிநாட்டுச் சட்ட அறிஞர்களின் கட்டுரைப் பகுதிகள் அவர்கள் பெயர் குறிப்பிடாமல் இடம்பெற்றிருந்தன. அந்தக் கட்டுரைகள் தீர்ப்புக்கு நேர்மாறான கருத்தைச் சொல்பவை என்று எழுதியவர்களே ஆட்சேபித்தார்கள். நீதிமன்றம் தீர்ப்பை எழுதிய தன் நீதிபதியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பிறகு 24 பெண்கள் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் முறையிட்டார்கள். அவர்கள் வாதம் நேரானது: அதே போரில் போரிட்ட, பெரும்பாலும் ஆண்களான முன்னாள் வீரர்களுக்கு அரசு ஓய்வூதியமும் மரியாதையும் தருகிறது, எங்களுக்கு எதுவுமில்லை. 2023 மார்ச்சில் குழு அதை ஏற்று, பிலிப்பைன்ஸ் அரசு பாகுபாடு காட்டியது என்றும், இழப்பீடும் அதிகாரபூர்வ மன்னிப்பும் தர வேண்டும் என்றும், இந்த வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. வினூயா அதற்குள் இறந்துவிட்டார்.

மனக்காயம் மரபணு வழியே பேரப்பிள்ளைகளுக்கும் போகுமாமே என்று உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. மனிதர்களைப் பொறுத்தவரை அதற்கான சான்றுகள் இன்னும் மெலிந்தவை. அதை அடித்துச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். ஆனால் காரணம் சொல்லாமலே மகளை இருட்டிய பின் வெளியே விடாத தாய், சீருடையைக் கண்டால் நடுங்கும் பாட்டி, வீட்டில் பேசக் கூடாத ஒரு பொருள் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் ஒட்டிக்கொள்ள மரபணு வேண்டியதில்லை.

மணிலா போகும்போது லோலாக்களின் நினைவாக அங்கே வைத்த சிலையைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. கண்ணைக் கட்டிய பெண்ணாக ஜோனாஸ் ரோசெஸ் வடித்த வெண்கலச் சிலை 2017 டிசம்பர் 8 அன்று ரோஹாஸ் நெடுஞ்சாலையில் கடலைப் பார்க்க நிறுவப்பட்டது. ஜப்பான் அதிருப்தி தெரிவித்தது. 2018 ஏப்ரல் 27 இரவோடு இரவாக, வடிகால் வேலை என்று காரணம் சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். 2019இல் பக்லரான் தேவாலய வளாகத்தில் மீண்டும் நிறுத்த ஏற்பாடாகியிருந்தபோது சிலை காணாமல் போயிருந்தது. சான் இல்டிஃபோன்சோவின் சிவப்பு வீடும் பலகை பலகையாகக் கழற்றப்பட்டுவிட்டது. எஞ்சியது வெறும் சட்டகம். போரகாய் தீவுக்குப் படகேறும் கட்டிக்லானில், தனியார் நிலத்தில் 2019இல் ஒரு நினைவுச்சிலை வைத்தார்கள். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள்.